மூன்றாம் வரிசையில் நிற்பவர்

பெரியம்மா அந்தப் படத்தை மூக்கில் உரசும் அளவுக்குக் கண்ணருகே கொண்டுபோனார். கண்புரை எடுத்த பிறகும் இடக்கண்ணில் மங்கல் போகவில்லை. சிங்கப்பூரில், பிடோக் நார்த்தில் ஒன்பதாம் மாடி வீடு. வெளியே மூங்கில் கழிகளில் காய்ந்துகொண்டிருந்த துணிகளின் நிழல் கூடத்துத் தரையில் ஆடிக்கொண்டிருந்தது. படம் 1960களின் தொடக்கத்தில் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் எடுத்தது. பொங்கல் விழா நாடகம் முடிந்து, அரிதாரம் கலைக்காமல், மூன்று வரிசையாக நிற்கிறார்கள். மொத்தம் 31 பேர். ராஜா வேடக்காரரின் ஒட்டுமீசை ஒரு பக்கம் பிரிந்து தொங்குகிறது.

“இது எங்க அண்ணன். இது கிராணி வீட்டு மருமகன். இவரு தண்டல்கிட்ட வேல பாத்தாரு, பேரு… இரு, வரும்.”

விரலை அந்த முகத்தின் மேலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. பெயர் வந்தது. பெயரோடு அவர் எந்த லைன் வீட்டில் இருந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தப் பாட்டைப் பாடி அடி வாங்கினார் என்பதும் வந்தது. அன்று மாலைக்குள் 19 பெயர்கள் கிடைத்தன.

இந்தப் படத்தை நான் முதன்முதலில் ஸ்கேன் செய்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. பெரியம்மா வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்த நானூற்றுச் சொச்சம் படங்களையும் இரண்டு வார இறுதிகளில் முடித்தேன். கோப்புகளுக்கு வரிசை எண் கொடுத்தேன். இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுத்து வைத்தேன். வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். அப்போது பெரியப்பா உயிரோடு இருந்தார். தளத்துப் பட்டறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஆண்கள் பக்கம் எல்லோரையும் அவருக்குத் தெரியும். ஸ்கேனர் ஓடிய அந்த நான்கு நாட்களும் அதே கூடத்தில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு படத்தைக்கூட அவர் கையில் கொடுத்து “இது யாரு பெரியப்பா?” என்று நான் கேட்கவில்லை. அவர் போய் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகுதான் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அந்த நானூறு கோப்புகளும் இன்னும் தெளிவாக, கீறல் இல்லாமல் இருக்கின்றன. பாதிக்கு மேற்பட்ட முகங்களுக்குப் பெயர் சொல்ல ஆள் இல்லை.

மூன்றாம் வரிசையில், இடமிருந்து நான்காவதாக ஒரு பெண் நிற்கிறாள். முன்னால் நிற்பவரின் அட்டைக் கிரீடம் அவள் முகத்தில் கால்வாசியை மறைக்கிறது. சேலை கட்டவில்லை, சரோங்கும் கெபாயாவும். பெரியம்மா அவளிடம் வந்ததும் விரலை எடுத்துவிட்டார்.

“இவ நம்ம ஆளு இல்லப்பா. கடல்காரப் பொண்ணு. நாடகத்துக்குத் துணி தச்சுக் குடுப்பா. படகுல பொறந்தவன்னு சொல்வாங்க. ரொம்ப நல்ல பொண்ணு. பேருதான்…”

பேர் வரவில்லை.

அன்றிலிருந்து பிடோக்கில் நடக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் நினைவு கூடவே வருகிறது. பிடோக் என்ற பெயரே கடற்கரைக்காரர்கள் வைத்தது. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்க அடித்த பெரிய முரசின் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. போர்த்துகீசியர் கொடின்ஹோ டி எரேடியா 1604இல் வரைந்த வரைபடத்திலேயே பிடோக் ஆற்றின் பெயர் இருக்கிறது. ராஃபிள்ஸ் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே யாரோ இந்தக் கரைக்குப் பெயர் வைத்து, அதை ஓர் அந்நியனுக்குச் சொல்லும் அளவுக்கு இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். 1966இல் கிழக்குக் கரையோர நிலமீட்பு தொடங்கியது. பிடோக், சிக்லாப் குன்றுகளை வெட்டி, மண்ணை நீண்ட கொணர்பட்டையில் கடலுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 1986 வரை ஏழு கட்டங்களில் 1,525 ஹெக்டேர் நிலம் எழுந்தது. குன்று இறங்கியது, கடல் விலகியது, கம்போங்குகள் எனப்பட்ட கரையோரக் கிராமங்கள் கடலைவிட்டு உள்ளே தள்ளிப்போயின. எங்கள் புளோக்கில் ஒரு மக்சிக், வயதான மலாய் அம்மா, இருக்கிறார். சிறுமியாக இருந்தபோது வீட்டு வாசலில் அலை வரும் என்பார். அவர் கை காட்டும் இடத்தில் இப்போது விரைவுச்சாலை ஓடுகிறது.

ஆனால் மக்சிக்கின் கம்போங்குக்கும் முந்தியவர்கள் இந்த நீரில் இருந்தார்கள். 1819இல் தீவில் சுமார் ஆயிரம் பேர் இருந்ததாகப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. அதில் ஏறத்தாழ 500 பேர் ஓராங் காலாங், 200 பேர் ஓராங் செலத்தார், 150 பேர் ஓராங் கெலாம். எல்லோரும் கடல்சார்ந்த மக்கள். பலர் படகையே வீடாகக் கொண்டவர்கள். நம் வரலாற்று நூல்கள் பெருமையோடு தொடங்கும் நாராயண பிள்ளை அதே ஆண்டில் ராஃபிள்ஸின் கப்பலில் வந்து இறங்கினார். அவர் கரையில் கால் வைத்தபோது பார்த்திருக்கக்கூடிய முகங்கள் இவர்களுடையவை. சில ஆண்டுகளிலேயே ஓராங் காலாங் மக்களில் நூறு குடும்பங்கள் வரை ஜொகூரின் பூலாய் ஆற்றுக்குக் கொண்டுபோகப்பட்டன. 1847 வாக்கில் அம்மை நோய் தாக்கியபின் எட்டுக் குடும்பங்கள் மிஞ்சின என்று பதிவாகியிருக்கிறது. அந்த எட்டுக் குடும்பங்களில் ஒருவர் பெயரும் நம் பாடப்புத்தகங்களில் இல்லை. அவர்களைப் பற்றி நமக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் வந்தவர்கள் எழுதி வைத்த எண்ணிக்கை. நூறு, பிறகு எட்டு.

சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் பிரிவு மலாய்க்காரர்களை இம்மண்ணின் பூர்வகுடிகள் என்று சொல்கிறது. கடல் மக்களின் வழிவந்தவர்களும் அடையாள அட்டையில் மலாய்க்காரர்களே. அந்தப் பெரிய சொல்லுக்குள் செலத்தாரும் காலாங்கும் கெலாமும் கரைந்துபோனார்கள். செலத்தார் என்பது இன்று பலருக்கு ஒரு விமான நிலையம். காலாங் ஒரு விளையாட்டரங்கம். கெலாம் துணிக்கடைகளும் சுற்றுலாப் பயணிகளும் நிறைந்த ஒரு வட்டாரம்.

தெற்குத் தீவுகளின் கதை இன்னும் அண்மையது. புலாவ் செமக்காவில் மரக்கால்களின் மேல் வீடு கட்டி மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் 1970களில் முதன்மைத் தீவின் அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பக்கத்துப் புலாவ் செக்கிங்கிலிருந்து கடைசிக் குடும்பங்கள் 1990களின் முதற்பாதியில் வெளியேறின. இரண்டு தீவுகளையும் சேர்த்து ஏழு கிலோமீட்டர் கரை கட்டி, 350 ஹெக்டேர் பரப்பில் குப்பை நிரப்பும் இடம் அமைத்தார்கள். 1999 ஏப்ரலில் அது செயல்படத் தொடங்கியது. எங்கள் புளோக்கில் ஒன்பதாம் மாடிக் குப்பைக் குழாயில் நான் போடும் பை எரியாலைக்குப் போகிறது. சாம்பல் துவாஸிலிருந்து படகேறி செமக்காவுக்குப் போகிறது. நான் சாப்பிட்ட வாழையிலையும் கிழிந்த அஞ்சலுறையும் ஒருவருடைய பாட்டியின் ஊரில் சேர்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட நாளில் பையைக் கையில் பிடித்துக்கொண்டு குழாய்க் கதவின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். போடாமல் இருக்க முடியாது. போட்டேன்.

செமக்காத் தீவின் வழிவந்தவர்களில் ஒருவர் பிர்தௌஸ் சானி. 2020இல், கிருமித்தொற்றுக் காலத்தில், ‘ஓராங் லாவுட் எஸ்ஜி’ (ஓராங் லாவுட் என்றால் கடல் மக்கள்) என்ற பெயரில் குடும்பத்துச் சமையலை விற்கத் தொடங்கினார். கணவாய் மையில் கறுத்த குழம்பு, தீவில் சமைத்த மீன் வகைகள். சாப்பாட்டோடு கதையும் போனது. சமைக்கும் மூத்தவர்களின் பேச்சு, பழைய படங்கள், படகு கட்டிய விதம், அலையும் நிலவும் பார்த்து மீன் தேடிய அறிவு எல்லாம் குடும்பத்தார் கையாலேயே இணையத்தில் சேரத் தொடங்கின. ஓர் ஆய்வாளர் வந்து நேர்காணல் எடுத்துப்போகவில்லை. பேரன் கேட்கிறான், பாட்டி சொல்கிறாள், பேரன் பதிகிறான்.

சமையலில் தொடங்கியது எவ்வளவு சரியான தொடக்கம் என்பதைப் பெரியம்மாவோடு உட்கார்ந்தபோதுதான் உணர்ந்தேன். “தளத்து வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க” என்றால் அவருக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் வராது. கருவாட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, அந்தக் கருவாட்டை எந்த வீட்டுப் பின்வாசலில் எத்தனை காசுக்கு வாங்கினார்கள், விற்றவர் எந்தப் படகில் வந்தார், அவரோடு எந்த மொழியில் பேரம் பேசினார்கள் என்று ஒரு மணி நேரம் ஓடும். கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். பதிவுக் கருவியை மேசையில் வைத்துவிட்டு நானும் வெங்காயம் உரிக்கப் பழகிக்கொண்டேன்.

தமிழர்களாகிய நமக்கு இந்த நாட்டில் ஆவணங்களுக்குக் குறைவில்லை என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். 1887இல் மகுதூம் சாயபு நடத்திய ‘சிங்கை நேசன்’ முதல் 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ வரை நமக்கு அச்சு இருந்தது. முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தொகுப்பில் வீட்டிலிருந்தே படிக்கலாம். 1979இலிருந்து தேசிய ஆவணக் காப்பகம் சேர்த்துவரும் வாய்மொழி வரலாற்றில் தமிழ்க் குரல்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது தமிழ் மின்மரபுடைமைத் திட்டம். அருண் மகிழ்நன் முன்னின்று நடத்த, சமூகத்தவரும் நூலக வாரியமும் கைகோத்து, 1965 முதல் ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களில் ஏறத்தாழ 350ஐ மின்னிலக்கமாக்கி 2015 ஆகஸ்டில் நாட்டுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார்கள். எழுதியவர்களிடமோ அவர்கள் பிள்ளைகளிடமோ போய் இசைவு வாங்கினார்கள். கணினி தப்பாகப் படித்த தமிழ் எழுத்துகளைத் தொண்டூழியர்கள் பக்கம் பக்கமாகத் திருத்தினார்கள். பிறகு நாடகம், இசை, நடனம் என்று அதே வழியில் தொகுப்புகள் வளர்ந்தன.

ஆனால் நூலுக்கு அட்டை உண்டு, அட்டையில் பெயர் உண்டு. பெரியம்மா எதையும் எழுதியவர் இல்லை. நாடகத்தில் ராஜா வேடம் போட்டவர் பட்டறைத் தொழிலாளி. பெயர் தெரியாத அந்தப் பெண் தைத்த உடையில் அவர் ராஜாவானார். இவர்களுக்கு நூலகத்தில் அழைப்பெண் கிடையாது. இவர்களைத் தேடி யாராவது வீட்டுக்கு வர வேண்டும்.

யாழ்ப்பாணத்தவர்கள் இந்த வகையில் நமக்கு முன்னால் நெடுந்தூரம் போயிருக்கிறார்கள். 1981 மே 31 இரவு எரிந்த யாழ் நூலகத்தில் 97,000 நூல்கள் போயின. அந்தத் தீயைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்த தலைமுறை 2005இல் ‘நூலகம்’ என்ற இணையத் தொகுப்பைத் தொடங்கியது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் லண்டனிலும் டொராண்டோவிலும் இருந்துகொண்டு சேர்த்ததில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இன்று அதில் இருக்கின்றன. பெரிய புலவர்களின் நூல்களோடு பள்ளி ஆண்டு மலர்களையும் சனசமூக நிலைய அறிக்கைகளையும் கோயில் கும்பாபிஷேக மலர்களையும் அவர்கள் சம மரியாதையோடு வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் அந்தியேட்டிச் சடங்குக்குள் அவர் வாழ்க்கையும் வம்சாவளியும் சேர்த்து ஒரு சிறு நினைவு மலர் அச்சடிப்பார்கள். கல்வெட்டு என்பார்கள். அந்த மலர்களும் அங்கே இருக்கின்றன. ஓர் ஊரே அழிந்து மக்கள் சிதறிய பிறகு, இன்னாருக்கு இன்னார் என்ன உறவு என்பதை நிறுவ அந்த மெல்லிய மலர்தான் மிஞ்சியது என்பது பல குடும்பங்களுக்கு நடந்திருக்கிறது. எது முக்கியமானது என்று முன்கூட்டியே தீர்மானிக்காதது அவர்கள் செய்த மிகப் பெரிய காரியம்.

எல்லாவற்றையும் சேர்க்கலாம். எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டலாமா?

இரண்டாவது மாலை பெரியம்மா ஒருவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை எல்லோரும் ஒரு பட்டப்பெயரால் அழைத்தார்கள். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் அதைத்தான் எழுதியிருந்தது. ஊரில் அவர் குடும்பம் செய்த தொழிலைக் குத்திக்காட்டும் பெயர். கடல் கடந்து வந்து, ஒரே பட்டறையில் ஒரே எண்ணெய்க் கறையோடு வேலை பார்த்தவர்கள், அந்தப் பெயரை மட்டும் கப்பலில் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் எழுதத் தொடங்கினேன். பெரியம்மா என் கையைப் பிடித்தார்.

“அத எழுதாதப்பா. அவரு பிள்ளைங்க இருக்காங்க. நல்ல பேரு ஒண்ணு இருந்துச்சு, அத நான் யோசிச்சுச் சொல்றேன்.”

பட்டப்பெயரும் வரலாறுதான், அதை மறைத்தால் சாதி இங்கே இல்லவே இல்லை என்ற பொய்க்குத் துணைபோவேன். எழுதினால், மூன்றாம் தலைமுறையில் ஒரு பேத்தி தாத்தாவின் பெயரைத் தேடும்போது அந்த வசவுதான் முதலில் வந்து நிற்கும். இதை முடிவு செய்ய நான் யார் என்ற கேள்விக்கு என்னிடம் இருந்த ஒரே பதில், நான் யாருமில்லை என்பது. அவர் பிள்ளைகளைக் கேட்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக் பகுதியில் வாழும் வருமுங்கு மக்கள் இந்தக் கேள்வியை வெகு முன்னே எதிர்கொண்டார்கள். அருங்காட்சியகங்களிலும் பாதிரிமார் வீடுகளிலும் கிடந்த தங்கள் படங்கள் மின்னிலக்கமாகத் திரும்பி வந்தபோது, அவற்றில் இறந்தவர்களின் முகங்கள் இருந்தன, பெண்கள் மட்டும் பார்க்க வேண்டியவை இருந்தன, சில குடும்பங்களுக்கு மட்டும் உரியவை இருந்தன. கிம்பர்லி கிறிஸ்டன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 2007இல் அவர்கள் அமைத்த காப்பகத்துக்கு ‘முக்குர்ட்டு’ என்று பெயரிட்டார்கள். அவர்கள் மொழியில் புனிதப் பொருட்களைப் பத்திரப்படுத்தும் பை. பையைத் திறக்க மூத்தவர்களிடம் கேட்க வேண்டும். அந்த வழக்கத்தையே மென்பொருளுக்குள் வைத்தார்கள்: யார் எதைப் பார்க்கலாம் என்பதைச் சமூகம் தீர்மானிக்கும். இன்று உலகின் பல பழங்குடிச் சமூகங்கள் அந்த இலவச மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. எல்லாம் எல்லோருக்கும் திறந்திருப்பதே நல்லது என்று நெடுநாள் நம்பியவன் நான். பெரியம்மாவின் கை என் மணிக்கட்டில் இருந்த அந்த நொடியில் அந்த நம்பிக்கையை மாற்றிக்கொண்டேன்.

கேட்காமல் எடுத்துப்போவது என்ன செய்யும் என்பதும் எங்கள் வீட்டுக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாமலர்க் குழு பெரியப்பாவிடம் ஓர் ஆல்பத்தை வாங்கிப்போனது. ஆல்பம் திரும்பி வந்தபோது இரண்டு பக்கங்களில் படம் இருந்த இடத்தில் கறுப்புத் தாளும் பசைத் தடமும் மட்டும் இருந்தன. அவற்றில் ஒன்று அவர் அம்மாவின் ஒரே படம். அதன்பின் அவர் யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை. பெட்டிக்குப் பூட்டு வந்தது. அரசு நிறுவனங்களிடம் குளிர்ந்த அறைகளும் தேர்ந்த ஆட்களும் இருக்கின்றன. அவை இல்லாமல் எதுவும் நூறாண்டு நிற்காது. என்றாலும் பூட்டைத் திறக்க வைப்பது, வெங்காயம் உரிக்கும் தூரத்தில் உட்காரத் தயாராக இருக்கும் சொந்தக்காரர்களால்தான் முடியும். ஆகவே பிரதி நிறுவனத்தில் இருக்கட்டும். மூலமும், யாருக்குக் காட்டுவது என்ற முடிவும் குடும்பத்திடமும் சமூகத்திடமும் இருக்கட்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

காலம் குறைவு. தளத்துக் கோயில் திருவிழா, கல்யாணங்கள், ஓர் ஒப்பாரி என்று பெரியம்மா வீட்டில் 14 ஒலிநாடாக்களும் 6 வீடியோ கேசட்டுகளும் இருக்கின்றன. வீடியோ கேசட் ஓட்டும் கருவியைச் செய்துவந்த கடைசி ஜப்பானிய நிறுவனம் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழைய கருவி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ஒப்பாரி பாடியது பெரியம்மாவின் மாமியார். நாடா இழுபட்டு, குரல் நடுவில் தணிந்து மறுபடி எழுகிறது. பெரியம்மா ஒரு முறை கேட்டார், போதும் என்றார். இதை வெளியே கொடுக்க வேண்டாம், பேத்திகள் மட்டும் கேட்கட்டும் என்றார். அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்.

நான்கு அமர்வுகளுக்குப் பிறகு 31இல் 28 பேருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. பட்டப்பெயர்க்காரரின் நல்ல பெயரும் வந்தது. மிச்சம் மூன்று. இரண்டு பேர் வெளியூரிலிருந்து நாடகத்துக்கு வந்தவர்கள். மூன்றாவது அந்தப் பெண்.

செம்பவாங் கடலோரம் ஓராங் செலத்தார் மக்களின் நீர்ப்பரப்பு. ஜொகூர் நீரிணையின் இரு கரைக்கும் சதுப்புக் காடுகளுக்கும் இடையே அவர்கள் படகுகள் போய்வந்துகொண்டிருந்தன. 1924இல் திறந்த காஸ்வே தரைப்பாலம் நீரைக் குறுக்கே வெட்டியது. 1965இல் கரை இரண்டு நாடானது. இன்று அவர்கள் ஜொகூர்ப் பக்கம் ஒன்பது கிராமங்களில் வாழ்கிறார்கள். சுங்கை தெமோன் அவற்றில் ஒன்று. அங்கேயும் இளையவர்கள் தங்கள் சொற்களையும் படகுக் கதைகளையும் சேர்த்துவருகிறார்கள்.

அவள் அவர்களில் ஒருத்திதானா என்பதற்குப் பெரியம்மாவின் “கடல்காரப் பொண்ணு” என்ற சொல்லைத் தவிர எந்தச் சான்றும் இல்லை. பட்டியலில் அவளுக்கு நேரே பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பக்கத்தில் பெரியம்மா சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதியிருக்கிறேன்: துணி தைத்துக் கொடுப்பாள், கூலியாகக் காசு வாங்கமாட்டாள், அரிசியும் தையல் நூலும் வாங்கிக்கொள்வாள், ஆற்று வாயில் நின்று கூப்பிட்டால் எங்கிருந்தோ பதில் வரும்.

“அங்க போனா தெரிஞ்சவங்க இருப்பாங்களா?” என்று போன வாரம் பெரியம்மா கேட்டார்.

அவளுக்குத் தங்கை இருந்தாளாம். இருந்தால் இப்போது எழுபதுக்கு மேல் இருக்கும்.

படத்தைப் பெரிதாக அச்செடுத்து உறையில் போட்டு வைத்திருக்கிறேன். பள்ளி விடுமுறையில் போகலாம் என்று பேச்சு. எங்கள் புளோக் மக்சிக்கும் மொழிக்குத் துணையாக வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பெரியம்மாவின் கடப்பிதழ் காலாவதியாகி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன; திங்கட்கிழமை காலையில் அவரைப் படம் எடுக்க அழைத்துப் போக வேண்டும்.